சித்திரை வெயிலில் கம்பளி போர்த்தி வந்தவர்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை நீச்சல் குளத்தில் விழுந்து கிடந்த வேப்பிலைகளை வலையால் அள்ளிக்கொண்டிருந்தேன். ஞானமுத்து அவர்களின் மைத்துனர் தாஸ் சைக்கிளை கேட்டுக்கு வெளியிலேயே சாய்த்துவிட்டு உள்ளே வந்தார். வழக்கமாகக் குளக்கரை வரைக்கும் மணியடித்துக்கொண்டே வருகிற ஆள்.

"செல்வண்ணா, மாமா பூட்டாரு" என்றார்.

"எப்போ?"

"இப்பத்தான். மொத ஷிப்டு சங்கு ஊதுச்சு. 'சங்கு ஊதுது'ன்னாரு. அவ்ளோதான்."

நான் வலையைக் கீழே வைக்கவில்லை. இன்னும் நாலைந்து இலைகளை அள்ளிப் போட்டுவிட்டுத்தான் கிளம்பினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

நமது படிப்பகத்துக் கையெழுத்துப் பத்திரிகைக்கு அவரைப் பற்றி எழுதித் தரும்படி செயலாளர் கேட்டார். "அவருக்கு ரொம்ப நெருக்கம் நீங்கதான்" என்றார். அது உண்மை. ஆனால் எழுத உட்கார்ந்ததும் ஒரு சங்கடம். ஞானமுத்துவை நான் ஒருநாளும் 'அவர்' என்று சொன்னதில்லை. இருவருக்கும் ஒரே வயது, ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம், பதினெட்டு வயதிலிருந்து 'வாடா போடா' தான். இப்போது மரியாதைக்காக 'அவர்' என்று எழுதுகிறேன். இதைப் படித்திருந்தால், "யாருப்பா அந்த அவரு?" என்று கேட்டிருப்பார்.

இரங்கல் கூட்டத்தில் ஒருவர், ஞானமுத்து யாரையும் கடிந்து ஒரு சொல் பேசியதில்லை என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்னை அவர் கடிந்துகொள்ளாத நாள் கிடையாது. தங்கச் சுரங்கத்தில் பாறை சரியாமல் இருக்க மரம் கொடுத்து நிறுத்தும் கூட்டத்தில் நாங்கள் இருவரும் ஜோடி. நான் மரத்தைப் பிடிப்பேன், அவர் அறுப்பார். கை கொஞ்சம் ஆடினால், "மரத்தப் புடிக்கிறியா, மரத்துக்கு ஆறுதல் சொல்றியா?" என்பார். அளவுகோல் அவரிடம் உண்டு, ஆனால் எடுக்கமாட்டார். சாணால் அளந்து அறுத்த மரம் பாறைக்கும் தரைக்கும் நடுவே சுத்தியலின் இரண்டே தட்டில் போய் உட்காரும். அந்த மரங்களை நம்பி எத்தனையோ பேர் அவற்றின் கீழே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள்.

சுரங்கத் தொழிலாளர் வரிசை வீடுகளான ஸ்கெலட்டன் லைனில் பிறந்து, அதே லைனில் கல்யாணம் செய்து, அதே லைனில் இறந்தவர். அவர் வீட்டுச் சுவரில் புத்தர் படம் உண்டு. எங்கள் வீட்டில் சிலுவை. ஞாயிறன்று நான் ஆராதனை முடிந்து வெளியே வரும்வரை கோயில் மதிலோரம் சைக்கிளைப் பிடித்தபடி நிற்பார். "இன்னாப்பா, உங்க சாமி வுட்டாரா?" என்பதுதான் ஒவ்வொரு ஞாயிறும் முதல் பேச்சு. அங்கிருந்து இருவரும் பூதிகோட்டைப் பக்கத்து ஏரிக்குப் போவோம். ஆறு நாள் பூமிக்குள் வெந்த உடம்பை ஏழாம் நாள் தண்ணீரில் போடவேண்டும் என்பது அவர் கட்சி. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைப் புளியமரம் வரைக்கும் போட்டி. எப்போதும் அவர்தான் முதல். எப்போதும் நான் ஓர் ஆள் நீளம் பின்னால். ஒரு தடவைகூட அந்த ஓர் ஆள் நீளத்தை என்னால் தாண்ட முடிந்ததில்லை.

சுரங்கங்கள் மைசூர் அரசாங்கத்தின் கைக்கு வந்த மறு வருஷம் ஓர் அறிவிப்பு வந்தது. அதுவரை துரைமார்கள் மட்டுமே குளித்த நீச்சல் குளத்தைத் தொழிலாளர் குடும்பங்களுக்கும் திறந்துவிடப் போகிறார்கள். குளத்தைப் பார்த்துக்கொள்ள நன்றாக நீந்தத் தெரிந்த ஓர் ஆள் வேண்டும். அதற்காக நூறு கெஜம் போட்டி, முதலில் வருபவருக்கு அந்த வேலை. ஒரே ஒரு நிபந்தனை. போட்டிக்கு முந்தின ஒரு மாதத்தில் ஆஸ்பத்திரி சிக் லிஸ்டில் பெயர் இருக்கக்கூடாது.

வெளியூரிலிருந்து படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். சுரங்கத்தில் 'மேலே வேலை' என்றால் வெறும் வேலை மாற்றம் இல்லை. கல்தூசி இல்லாத காற்று அது. ஞானமுத்துவின் அப்பாவும் மரவேலைக்காரர். நெஞ்சில் தூசி அடைத்து, நடக்க முடியாமல், மூச்சுக்கு மூச்சு கணக்குப் பார்த்து வாழ்ந்து ஐம்பதுக்கு முன்னால் போனவர். அதைப் பக்கத்தில் இருந்து பார்த்த பிள்ளை இவர். அறிவிப்பைப் படித்த அன்று ஏரிக்கரையில் துண்டைப் பிழிந்துகொண்டே சொன்னார்.

"எனக்கு வெயிலு வேணும்பா. வெயில்ல நில்லுன்னு சொல்லி ஒரு வேலை குடுக்கறாங்கன்னா, வுடுவனா?"

எனக்கும் அதே வெயில் வேண்டியிருந்தது. நான் உரக்கச் சொல்லவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். இருவருமே போட்டிக்குப் பெயர் கொடுத்தோம்.

போட்டிக்கு ஒரு மாதம் இருக்கையில் அவருக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருகிற முறைக்காய்ச்சல். பிற்பகல் மூன்று மணி சுமாருக்குப் பல் கிட்டிக்கொண்டு குளிரும், பிறகு உடம்பு அடுப்பாய்க் கொதிக்கும், பொழுது சாய வேர்த்து அடங்கும். மறுநாள் ஒன்றுமே நடக்காதது போல வேலைக்கு வருவார். ஆஸ்பத்திரிக்குப் போனால் சிக் லிஸ்ட், சிக் லிஸ்ட் என்றால் போட்டி இல்லை. ஆகவே போகவில்லை. விஷயம் தெரிந்தவர்கள் மூன்றே பேர். அவர், அவர் மனைவி ராஜம்மா, நான்.

ராபர்ட்சன்பேட்டை மருந்துக்கடையில் கொயினா மாத்திரை வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தது நான்தான். மூன்று நாள் சாப்பிட்டார். காய்ச்சல் நின்றது. நின்றதும் மாத்திரையை நிறுத்திவிட்டார். "காதுக்குள்ள சங்கு ஊதுதுப்பா. தண்ணியில தலைய வுட்டா மேல எது, கீழ எதுன்னு தெரியல" என்றார். பத்து நாள் நன்றாக இருந்தார். போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது காய்ச்சல் திரும்பி வந்தது.

இந்தத் தடவை அவர் மாத்திரையைத் தொடவில்லை. சுவர்க் காலண்டரில் பென்சிலால் ஒன்று விட்டு ஒன்று வட்டம் போட்டுக்கொண்டே போனார். திங்கள், புதன், வெள்ளி, ஞாயிறு. போட்டி நடக்கும் ஞாயிற்றுக்கிழமை சரியாக வட்டத்துக்குள் விழுந்தது. ராஜம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். இவர் சிரித்தார்.

"இன்னா இப்போ? காய்ச்சல் வர்றது மூணு மணிக்கு. போட்டி காலையில வைப்பாங்க. பத்து மணிக்கெல்லாம் ஜெயிச்சுட்டு வந்து படுத்துக்கினு சாவகாசமா குளுரலாம்."

இனி எழுதப்போவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, ஒரே ஒருவரைத் தவிர.

என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால், போட்டி நோட்டீஸ் எழுத மறுநாள் செவ்வாய்க்கிழமை என்னைக் கூப்பிட்டார்கள். போட்டிக் குழுவில் இருந்த குமாஸ்தா விவரங்களைச் சொல்லச் சொல்ல எழுதினேன். நேரம் வந்ததும் அவர் நிறுத்தினார்.

"நேரம் மட்டும் முடிவாவல. காலைல எட்டா, மத்தியானம் மூணான்னு பேசிக்கினு கீறாங்க. நீங்க நீந்தற ஆளு. நீங்களே சொல்லுங்க, இன்னா போடலாம்?"

பேனாவை மைக்கூட்டில் தோய்த்தேன். யோசிக்க அந்த நேரம் போதுமாக இருந்தது.

"மூணுன்னு போட்ருங்க சார். நைட் ஷிப்டு ஆளுங்க தூங்கி எழுந்து, சாப்ட்டுட்டு, பொண்டாட்டி புள்ளைங்களோட வந்து பாப்பாங்க."

"சரியான யோசனை. எங்க யாருக்கும் தோணல பாருங்க" என்று பாராட்டினார். என் கையாலேயே எழுதினேன்: பிற்பகல் மூன்று மணி.

புதன்கிழமை ஷிப்டு தொடங்குமுன் ஞானமுத்து நோட்டீஸ் பலகையின் முன்னால் வந்து நின்றார். கையைக் கட்டிக்கொண்டு மேலிருந்து கீழ்வரை படித்தார். பிறகு மறுபடியும் படித்தார். நான் இரண்டடி பின்னால் நின்றிருந்தேன். திரும்பி என்னைப் பார்த்து, "உன் கையெழுத்து நல்லா கீதுப்பா" என்றார். அதோடு சுரங்கத்துக்குள் இறக்கும் கேஜுக்குள் ஏறிவிட்டார்.

கமிட்டி சொன்னதைத்தான் எழுதினேன் என்று அவர் நினைத்திருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்படிப்பட்ட சமயத்தில் மனிதனுக்கு அறிவு நன்றாக வேலை செய்யும்.

எங்கள் பழைய ஆட்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. காய்ச்சல்காரன் ஆழத்து லெவலில் இறங்கி உட்கார்ந்தால், பாறைச் சூட்டில் காய்ச்சல் வெந்து வேர்வையோடு வெளியே போய்விடும் என்பார்கள். வெள்ளிக்கிழமை ஞானமுத்து அதைச் செய்து பார்த்தார். முதல் ஷிப்டு முடிந்தும் மேலே வராமல், இரண்டாவது ஷிப்டுக்கும் பெயர் கொடுத்துக் கீழேயே தங்கினார். எனக்கு மனம் கேட்கவில்லை. நானும் தங்கினேன்.

கோவணத்தோடு நின்றாலும் வேர்வை முழங்கையிலிருந்து சொட்டுகிற இடம் அது. மூன்று மணிக்கு அங்கே ஒரு மனிதருக்குக் குளிர் எடுத்து நான் பார்த்தேன். பல் தந்தி அடித்தது. "கோணி, கோணி" என்றார். மூன்று கோணிகளைப் போர்த்திப் பாறை இடுக்கில் உட்காரவைத்தேன். இரண்டு பேர் வேலையையும் நான் ஒருவனே செய்தேன். மேஸ்திரி விளக்கோடு வந்து, "உன் ஜோடி எங்கப்பா?" என்று கேட்டார். "மரம் பாக்கப் போயிருக்கான் மேஸ்திரி" என்றேன். உண்மையைச் சொல்லியிருந்தால் ஞானமுத்து அன்றே சிக் லிஸ்டில் ஏறியிருப்பார். இதை என் நல்ல குணம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மூன்று மணி என்று எழுதிய ஆளுக்கு அதற்கு மேல் காட்டிக்கொடுக்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

லெவல் சூட்டில் காய்ச்சல் வேகவில்லை, ஆள்தான் வெந்தார். கேஜில் மேலே வரும்போது என் தோளில் சாய்ந்துகொண்டு, "பெருசுங்க சொன்னது சுத்தப் பொய்யிப்பா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். சித்திரை மாதத்து வெயிலில் குளத்தின் சிமெண்டுத் தரையில் கால் வைக்க முடியவில்லை. நான் சொன்னது போலவே நைட் ஷிப்டு ஆட்கள் குடும்பத்தோடு வந்து வேலியோரம் நிறைந்திருந்தார்கள். ஞானமுத்து கருப்புக் கம்பளியைக் கழுத்துவரை போர்த்திக்கொண்டு வந்தார். கூட்டம் ஓவென்று சிரித்தது. குமாஸ்தா, "இன்னாப்பா கம்பளி?" என்று கேட்டார்.

"துரைங்க குளிச்ச தண்ணி, குளுரும்னு சொன்னாங்க சார்" என்றார்.

என் பக்கத்தில் வந்து நின்றார். உதடு வெளுத்திருந்தது. "மணி இன்னாப்பா?" என்று கேட்டார்.

"மூணாவ அஞ்சு நிமிஷம் கீது."

"சரியான நேரந்தான்" என்று கம்பளியை மடித்தார். அந்த நிலையிலும் நான்கு மூலையும் ஒன்றின்மேல் ஒன்று சேரும்படி மடித்து ஓரமாக வைத்தார்.

ஆறு பேர் குதித்தோம். குளத்தின் நீளம் இருபத்தைந்து கெஜம், நான்கு நீளம் நீந்த வேண்டும். முதல் இரண்டு நீளம் ஏரியில் நடந்தது போலத்தான் நடந்தது. அவர் முன்னால், நான் ஓர் ஆள் நீளம் பின்னால். மூன்றாவதில் அவர் கை தண்ணீரைப் பிடிக்காமல் நழுவுவதை நான் பார்த்தேன். தாண்டினேன். தாண்டும்போது அவருடைய பல் அடிக்கும் சத்தம் கேட்டதாக ஞாபகம். தண்ணீருக்குள் அது கேட்டிருக்காது என்கிறார்கள். எனக்குக் கேட்டது. நான் சுவரைத் தொட்டபோது வேலி முழுக்கக் கைதட்டல்.

ஞானமுத்து ஆறாவதாக வந்தார். நடுவில் நிறுத்தவில்லை, கயிற்றைப் பிடிக்கவில்லை. கடைசி ஆளாய்ச் சுவரைத் தொட்டு, அதைப் பிடித்தபடி அப்படியே நின்றார். நானும் இன்னொருவரும் மேலே தூக்கினோம். யாரோ, "பயந்துட்டாரு போல, இன்னா நடுக்கம் பாரு" என்றார்கள். காய்ச்சல் என்று சொன்னால் மறைத்த குற்றம் வரும். எனவே பயந்துபோன ஆள் என்ற பெயரையும் வாங்கிக்கொண்டு கம்பளிக்குள் புகுந்தார். வீடுவரை நான் சைக்கிளில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போனேன். வாசலில் ராஜம்மா என்னைப் பார்த்து, "நீங்க ஜெயிச்சீங்களாண்ணா?" என்று கேட்டார். "ஆமாம் தங்கச்சி" என்றேன். "யாராச்சும் ஒருத்தரு மேல வந்தீங்களே, போதும்" என்றார். அவர் நல்ல மனசோடுதான் சொன்னார்.

அடுத்த நாளே ஞானமுத்து ஆஸ்பத்திரிக்குப் போய் முறையாக மருந்து சாப்பிட்டார். முறைக்காய்ச்சல் அதோடு போய்விட்டது. நான் மேலே வந்தேன். அவர் புது ஜோடியோடு கீழே போனார்.

அதன்பிறகு இரண்டு வருஷம் அவர் குளத்துப் பக்கம் வரவில்லை. வழியில் பார்த்தால் பேசுவார், நிற்கமாட்டார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒன்றுமே நடக்காதது போல, துண்டோடு கேட்டில் வந்து நின்றார். "சாமி வுட்டாரா?" என்றார். அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் வந்தார். நான்கு நீளம் நீந்துவார். கரையேறித் துவட்டிக்கொண்டே, சுவரில் இருக்கிற பெரிய கடிகாரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, "மணி இன்னாப்பா?" என்று என்னைக் கேட்பார். திரும்பினால் தெரியும். ஆனாலும் என்னைத்தான் கேட்பார். நான் சொல்வேன். "சரியான நேரந்தான்" என்பார்.

வருஷங்கள் போகப்போக நான்கு நீளம் இரண்டாயிற்று. பிறகு ஒன்று. பிறகு இடுப்பளவுத் தண்ணீரில் சும்மா நிற்பார். இருமல் வந்தால் சுவரைப் பிடித்துக்கொள்வார். எக்ஸ்ரேயில் என்ன வந்தது என்று நான் கேட்டதற்கு, "எங்கப்பன் படம் வந்துச்சு" என்றார். கடைசி ஒரு வருஷம் அதுவும் நின்றது. கட்டிலோடு கிடந்தார்.

இறப்பதற்குப் பத்து நாள் முன்னால் பார்க்கப் போனேன். தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ராஜம்மா வெளியே துணி உலர்த்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வழக்கம்போல, "மணி இன்னாப்பா?" என்றார்.

அன்று என்னால் முடியவில்லை. மணி சொல்லவில்லை. "மூணுன்னு சொன்னது நான்தான்டா" என்றேன். "குமாஸ்தா என்னைத்தான் கேட்டாரு. காலைலன்னு சொல்லியிருக்கலாம். சொல்லல."

அவர் இருமி முடிக்கும்வரை காத்திருந்தேன்.

"தெரியும். நோட்டீஸ் போட்ட அன்னிக்கே தெரியும்" என்றார். "குமாஸ்தா, 'உங்காளு எவ்ளோ நல்ல யோசனை சொன்னாரு தெரியுமா'ன்னு என்கிட்டயே சொல்லிப் பெருமைப்பட்டாரு."

"அப்ப ஏன்டா என்னைக் கேக்கல?"

"கேட்டுக்கினேதான கீறேன், வாராவாரம்."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை. மூச்சு வாங்கி வாங்கிப் பேசினார்.

"கோவம் இருந்துச்சு. இல்லன்னு சொல்ல மாட்டேன். ரெண்டு வருஷம் இருந்துச்சு. அப்புறம், அத்த வேற தூக்கிக்கினு யாரு லெவலுக்கு எறங்கறது? அங்க ஏற்கனவே சூடு." கொஞ்சம் நிறுத்தினார். "மேல வேல எனக்கு வேண்டித்தான் இருந்துச்சு செல்வம். உனக்கும் வேணும். ரெண்டு பேருக்கும் சேத்து அவங்க ஒண்ணே ஒண்ணுதான வச்சாங்க. ஆனா ஒரு வருத்தம் கீது."

"இன்னாடா?"

"நீ அந்த ஒரு மாசமும் நல்லா பழகினே. கை நல்லா வந்துச்சு உனக்கு. காலைல எட்டு மணிக்கு வச்சிருந்தாலும் நீயே ஜெயிச்சிருப்பியோ இன்னாவோ. அத்தப் பாக்காமயே வுட்டுட்டோமே."

பதினைந்து வருஷமாக என்னை அரித்தது வேறு, அவரை அரித்தது வேறு. இதற்குமேல் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. கிளம்பும்போது நானாகவே மணி சொன்னேன். நாலேகால். "சரியான நேரந்தான்" என்றார்.

அவர் மேலே வந்திருந்தால் இன்னும் சில வருஷம் இருந்திருப்பாரா என்று டாக்டரிடம் கேட்டேன். அப்படியெல்லாம் சொல்லமுடியாது என்றார். எனக்குத் தெரியும், இருந்திருப்பார். இதை எழுதியதற்காக யாராவது என்னைத் திட்டினால் திட்டட்டும். அவரைப் பயந்தவர் என்று அன்று சிரித்தவர்களில் சிலர் இன்னும் இந்தப் படிப்பகத்துக்கு வருகிறார்கள். அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். முறைக்காய்ச்சலோடு குதித்து, நூறு கெஜத்தையும் முடித்துச் சுவரைத் தொட்டவர் அவர்.

புதன்கிழமை அடக்கம். பஞ்சசீலம் சொல்லி மண் போட்டோம். ராஜம்மா அந்தக் கருப்புக் கம்பளியை என்னிடம் கொடுத்து, "உங்ககிட்ட குடுக்கச் சொன்னாருண்ணா. குளம் குளுருமாம்" என்றார். மடிப்புக் கலையாமல் இருந்தது, நான்கு மூலையும் ஒன்றின்மேல் ஒன்றாக.

நேற்று ஞாயிறு. ஆராதனைக்குப் போகவில்லை. விடிந்ததும் குளத்துக்குப் போய் இலை அள்ளினேன், தண்ணீரைத் துப்புரவாக்கினேன். கம்பளியைக் கரையில் வைத்தேன். எட்டு மணி ஆகும்வரை கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஆளில்லாத குளத்தில் வெயில் சரியாக அன்று அவர் நீந்திய வரிசையில் விழுந்திருந்தது.

"மணி எட்டுடா ஞானமுத்து" என்றேன். "எறங்கு."

அவர் முதலில் இறங்கட்டும் என்று ஓர் ஆள் நீளம் விட்டு, அதற்குப் பிறகு நான் குதித்தேன்.